உப்பிலும் மீஸான் உண்டு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

படைத்துப் பரிபாலிக்கும் வல்ல நாயனுக்கே புகழனைத்தும் உரியது. அவனது திருத்தூதர் முஹம்மது நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

 

உப்பைப் பற்றியும் ஓர் உபதேசமா என்று நம்மில் சிலர் நினைக்கக்கூடும். தொழுகை, நோன்பு, ஜக்காத் என்று பேசவேண்டிய பக்கத்தில் அடுப்படிச் சமாசாரம் எதற்கு என்றும் கேட்கக்கூடும். ஆனால் சற்றே சிந்தித்துப் பாருங்கள். பலசரக்குக் கடை வைத்திருப்போர் உப்பை விற்கிறோம். நாசி கண்டார் கடையும் ரொட்டிக் கடையும் வைத்திருப்போர் அதை ஆக்கிப் போடுகிறோம். இவ்விரண்டும் இல்லாத துணி வியாபாரியும் புத்தகக் கடைக்காரரும் மூன்று வேளையும் அதை உண்கிறார்கள். இறைச்சி எவர் கையால் அறுபட்டது என்று விசாரிக்கிறோம். மிட்டாயில் சேர்ந்த ஜெலட்டின் எந்தப் பிராணியிலிருந்து வந்தது என்று உறையைத் திருப்பிப் பார்க்கிறோம். இது நமது ஈமானின் அடையாளம். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த ஹலாலான ஆணத்தில் எவ்வளவு உப்பு விழுந்தது என்று மட்டும் நாம் கேட்பதேயில்லை. அதைக் கேட்பதும் மார்க்கமே என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

உப்பு ஒரு நிஃமத்

முதலில் ஒன்றை உறுதிப்படுத்திக் கொள்வோம். உப்பு நமக்குப் பகையல்ல. அது அல்லாஹ்வின் அருட்கொடைகளில் ஒன்று. இனிய நீரும் உவர் நீருமாக இரு கடல்களைப் படைத்து, அவற்றினிடையே தடுப்பும் வைத்ததைத் தனது வல்லமைக்கு அத்தாட்சியாக அல்லாஹ் திருக்குர்ஆனின் ஃபுர்கான் அத்தியாயத்திலே எடுத்துக் காட்டுகிறான். அந்த உவர் நீரிலிருந்து கிடைப்பதே நம் வீட்டு உப்பு. நம் பெரியோர் கப்பலேறிப் புறப்பட்ட தமிழகத்துக் கடற்கரையிலே, தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும், காயல்பட்டினத்தை அடுத்த ஆறுமுகநேரியிலும் வெயிலில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் உப்பளங்களை ஊர் போய் வந்தவர்கள் கண்டிருப்பார்கள். நமது இரத்தத்திலும் கண்ணீரிலும் வியர்வையிலும் உப்பு இருக்கிறது. அது அறவே இல்லாமல் மனிதன் வாழ முடியாது.

இதன் அருமையை அறிந்தே நமது நாயகம் (ஸல்) அவர்கள் உப்பு விஷயத்தில் ஒரு தீர்ப்புச் செய்தார்கள். யமன் தேசத்து மஃரிப் என்னுமிடத்திலிருந்து அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) என்ற ஸஹாபி வந்து, அங்குள்ள உப்பு நிலத்தைத் தமக்கு மானியமாகத் தரும்படி கேட்டார். நாயகமவர்களும் கொடுத்தார்கள். அவர் எழுந்து போனதும் சபையிலிருந்த ஒருவர், தாங்கள் வழங்கியது வற்றாத ஊற்றைப் போன்ற பொருளல்லவா என்று எடுத்துச் சொன்னார். உடனே நாயகமவர்கள் அந்த மானியத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இதை அபூதாவூதும் திர்மிதியும் பதிவு செய்திருக்கிறார்கள். பாடுபடாமலே கிடைத்து, எல்லோருக்கும் தேவைப்படும் ஒரு பொருள் தனியொருவர் கைக்குள் போய்விடக் கூடாது என்று மார்க்க அறிஞர்கள் இதிலிருந்து சட்டம் வகுத்தார்கள். உப்பைக் கையாளுகிறவன் பொதுஜனங்களின் பொருளைக் கையாளுகிறான் என்பது இதனால் விளங்குகிறது. அது நம் கையில் இருக்கும் அமானத்.

இன்னொன்றையும் வியாபாரிகளாகிய நாம் நினைவில் வைக்க வேண்டும். வட்டியின் சட்டத்தை விளக்கும்போது நாயகம் (ஸல்) அவர்கள் ஆறு பொருள்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்கள். பொன், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சம்பழம், உப்பு என்பன அவை. ஒரே இனத்தை மாற்றிக்கொண்டால் சரிக்குச் சரியாகவும் கைக்குக் கையாகவும் இருக்க வேண்டும் என்பது உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிம் ஷரீபில் வந்திருக்கும் கட்டளை. தங்கத்தோடு ஒரே வரிசையில் உப்பை வைத்து, அதிலும் அளவு பார் என்று சொன்ன மார்க்கம் நம்முடையது. தராசிலே அளவு பார்க்கச் சொன்ன பொருளுக்கு, சட்டியிலும் தட்டிலும் அளவு வேண்டாமா?

அளவு எங்கே தப்பியது?

அர்ரஹ்மான் அத்தியாயத்தை ஓதாத முஸ்லிம் வீடு இல்லை. அதிலே வானத்தை உயர்த்தியதையும் மீஸான் என்னும் தராசை நிறுவியதையும் அல்லாஹ் அடுத்தடுத்துச் சொல்லி, அந்த மீஸானில் வரம்பு மீறுவதைத் தடுக்கிறான். அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தில் உண்ணவும் பருகவும் அனுமதி தந்த கையோடு வீண்விரயத்தை விலக்குகிறான். அனுமதியும் வரம்பும் ஒரே வசனத்தில் சேர்ந்து வருவதைக் கவனியுங்கள்.

உப்பின் வரம்பு எது? வயது வந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டியை மட்டமாக வழித்த அளவு. மேலே தூவுவது மட்டுமல்ல. சோறு, ஆணம், ரொட்டி, ஊறுகாய், கருவாடு, கிச்சாப் எல்லாவற்றிலும் உள்ளது சேர்ந்து இவ்வளவு. 2017, 2018ஆம் ஆண்டுகளில் மலேசியாவில் நடந்த சமூக உப்பு ஆய்வில், மக்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 7.9 கிராம் உப்பு உண்பதாகவும், நூற்றுக்கு 79 பேர் வரம்பைத் தாண்டுவதாகவும் தெரிய வந்தது. சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கண்ட அளவு உப்பாகக் கணக்கிட்டால் 9 கிராம். தராசில் இப்படித் தப்பினால் நாம் அதைக் கொடுவாங்கல் என்போம். உடலில் தப்பும்போது மட்டும் அதை ருசி என்கிறோம்.

உடலுக்குள் நடப்பது இது. மிகுதியான உப்பு இரத்தத்தில் நீரைப் பிடித்து வைக்கிறது. நீர் பெருகினால் இரத்தத்தின் அளவு பெருகுகிறது. குழாயில் தண்ணீர் மிகுந்தால் சுவரை நெருக்குவது போல் அது இரத்தக் குழாய்களை நெருக்குகிறது. இருதயம் அதிக பலத்தோடு அடிக்க வேண்டியிருக்கிறது. உப்பை வடித்து வெளியேற்றும் வேலை சிறுநீரகத்தின் தலையில் விழுகிறது. வருஷக்கணக்கில் இது நடந்தால் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகக் கேடு என்று முடிகிறது. இரத்த அழுத்தம் வலிக்காது, முன்னறிவிப்பும் கொடுக்காது. மலேசியச் சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வயது வந்தோரில் நூற்றுக்கு 29.2 பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகக் கண்டார்கள். பள்ளிவாசலில் ஒரு வரிசையில் பத்துப் பேர் நின்றால் மூன்று பேர். அவர்களில் தமக்கு அது இருப்பதே தெரியாதவர்களும் உண்டு.

நாற்பது வயதில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் நாற்பத்தைந்தில் ஒரு கையும் ஒரு காலும் இழுத்துக்கொள்ள, மகனின் தோளைப் பிடித்து ஜும்ஆவுக்கு வருவதை நமது ஊர்களில் காணாதவர் யார்? கடை கைமாறுகிறது. மகன் படிப்பை விட்டுக் கல்லாவுக்கு வருகிறான். வாரத்தில் மூன்று நாள் சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்களும் நமது மஹல்லாக்களில் இருக்கிறார்கள். இவையெல்லாம் உப்பு ஒன்றினாலேயே வந்தவை என்று சொல்லமாட்டோம். சர்க்கரை வியாதி, புகை, பரம்பரை, ஓய்வில்லாத உழைப்பு எல்லாம் உண்டு. ஆனால் காரணங்களுக்குள் உப்பு ஒன்று. அதிலும் நமது கையால் குறைக்கக் கூடிய ஒன்று.

மௌத்தும் ஹயாத்தும் அல்லாஹ்வின் கையில் அல்லவா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையே. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இரவில் கடையைப் பூட்டாமல் தவக்கல் வைக்கும் வியாபாரியை நாம் கண்டதில்லை. பூட்டுக்கு உள்ள மரியாதை இருதயத்துக்கும் இருக்கட்டும். மறுமையில் ஆதமுடைய மகனின் பாதங்கள் பெயராமல் கேட்கப்படும் கேள்விகளில், பொருளை எப்படிச் சம்பாதித்தாய், எதில் செலவிட்டாய் என்பதோடு, உடலை எதில் தேயவைத்தாய் என்பதும் ஒன்று என்று திர்மிதியில் வருகிறது. முதல் கேள்விகளுக்குக் கணக்குப் புத்தகம் எழுதி வைத்திருக்கிறோம். கடைசிக் கேள்விக்கு நம் பேரேட்டில் என்ன எழுதியிருக்கிறது?

உப்பைப் பற்றிய ஒரு பொய்

நம் வீடுகளில் உப்பைத் தொட்டு நாவில் வைத்துச் சாப்பாட்டைத் தொடங்கி, உப்பைக் கொண்டே முடிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அப்படிச் செய்தால் எழுபது நோய்கள் நீங்கும் என்று அலி (ரலி) அவர்களுக்கு நாயகமவர்கள் சொன்னதாகவும் கூறிக்கொள்கிறார்கள். ஹிஜ்ரி 597ல் வஃபாத்தான இமாம் இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) அவர்கள் இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களைத் திரட்டிய தமது கிதாபில் இதைச் சேர்த்திருக்கிறார்கள். அன்பினால் செய்த பெரியவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனால் இரத்த அழுத்தம் உள்ள ஒருவர் சுன்னத் என்று எண்ணி உப்பைக் கூட்டுவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாகாது. நிலைபெற்ற ஹதீஸ் வேறு இருக்கிறது. மனிதன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றைவிடக் கெட்டது இல்லை என்றும், உணவுக்கு ஒரு பங்கு, நீருக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு என்றும் நாயகமவர்கள் வகுத்ததை மிக்தாம் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அதுவே நமக்குப் போதும்.

இளஞ்சிவப்பு உப்பும் வியாபாரியின் நாவும்

இனி வியாபாரிகளுக்கே உரிய விஷயத்துக்கு வருகிறோம். தூள் உப்பு கெடுதல், இயற்கை உப்பு நல்லது என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. பாகிஸ்தானிலுள்ள கேவ்ரா சுரங்கத்திலிருந்து வெட்டியெடுத்த இளஞ்சிவப்பு உப்பு ஹிமாலய உப்பு என்ற பெயரோடு அழகிய சீசாவில் வருகிறது. இந்துப்பு என்ற பழைய பெயராலும் விற்கிறது. கடல் உப்பு, கல்லுப்பு, கறுப்பு உப்பு என்று வரிசை நீளுகிறது. சாதாரண உப்பின் விலையைவிடப் பல மடங்கு விலை. வாங்க வருகிறவர், இது இரத்த அழுத்தத்துக்கு நல்லதாமே என்று கேட்கிறார். அந்த ஒரு நொடியில் நமது நாவு என்ன சொல்கிறது என்பதே கேள்வி.

உண்மை இதுதான். இளஞ்சிவப்பானாலும் வெள்ளையானாலும், கடலில் விளைந்தாலும் மலையில் வெட்டினாலும், உப்பு ஏறக்குறைய முழுவதும் சோடியம் குளோரைடுதான். அழுத்தத்தை ஏற்றும் சோடியம் எடைக்கு எடை எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றே. நிறத்தைத் தரும் இரும்பு முதலிய தாதுக்கள் மிகச் சிறு அளவே. அவற்றால் உடல் பயன்பெற வேண்டுமானால் உண்ணக் கூடாத அளவு உப்பை உண்ண வேண்டும். கல்லுப்பு ஒரு கரண்டியில் தூள் உப்பைவிட எடை குறைவாக இருப்பது உண்மை. அது கற்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தால் வருவது. தராசில் போட்டால் வித்தியாசம் மறைந்துவிடும்.

அன்றியும் ஒரு நஷ்டமும் உண்டு. உறையிலே அயோடின் சேர்த்தது என்று அச்சிட்ட தூள் உப்பில் உள்ள அயோடின், இளஞ்சிவப்பு உப்பிலும் சாதாரணக் கல்லுப்பிலும் போதிய அளவு இருப்பதில்லை. அயோடின் குறைந்தால் தொண்டைக் கழலை வரும். கர்ப்பிணித் தாய்க்குக் குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். ஆகவே ருசிக்காகவோ வழக்கத்துக்காகவோ இந்த உப்புக்களை ஒருவர் வாங்கினால் தாராளமாக விற்கலாம். அது ஹலாலான சரக்கு. நோய்க்கு நல்லது என்று சொல்லி விற்பதுதான் தவறு.

நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கை விட்டார்கள். மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்தது. மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. ஈரத்தை ஜனங்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். சீசாவின் நிறத்தைக் காட்டி உள்ளே இருக்கும் சோடியத்தை மறைப்பதும் ஈரத்தை உள்ளே வைப்பதுதான். வாங்குகிறவரும் விற்கிறவரும் உண்மை பேசி உள்ளதை வெளிப்படுத்தினால் வியாபாரத்தில் பறக்கத் உண்டாகும், மறைத்தால் அது அழிக்கப்படும் என்ற ஹதீஸும் புகாரி ஷரீபில் இருக்கிறது. அப்படிக் கேட்கிறவரிடம், இதுவும் உப்புத்தான் பாய், எதை வாங்கினாலும் குறைத்துப் போடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். ஒரு சீசா விற்காமல் போகலாம். அந்த வாடிக்கையாளரின் நம்பிக்கை நமக்குக் கிடைக்கும்.

பதப்படுத்தாததைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற எண்ணம் நல்லதே. ஆனால் அதை உப்பு சீசாவில் தேடாமல் உணவில் தேட வேண்டும். கருவாட்டுக்குப் பதில் பச்சை மீன். பொட்டலத்து நூடுல்ஸுக்குப் பதில் வீட்டில் ஆக்கிய சோறு. கட்டியாக விற்கும் ரசப் பொடிக்கும் டப்பா மசாலாவுக்கும் பதில் அம்மியிலோ மிக்சியிலோ அரைத்த இஞ்சி, பூண்டு, மல்லி, சீரகம், மிளகு. இவைதாம் பதப்படுத்தாத உணவு. புளியும் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் உப்பு குறைந்த இடத்தை நிரப்ப வல்லவை. புளியாணம் வைக்கத் தெரிந்த நமது உம்மாமார்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

பொட்டாசியம் கலந்த உப்பு என்று ஒரு வகையும் வருகிறது. அதிலே சோடியம் குறைவு. சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் ஐந்து ஆண்டுகள் போல் நடந்து 2021ல் வெளியான ஆய்வில், நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பை உண்டவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில் வீட்டுச் சமையலுக்கு இதை ஆதரித்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தைக் கூட்டும் மாத்திரைகள் சாப்பிடுவோருக்கும் இது ஆபத்தாகலாம். கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் அந்த ஆலோசனை பொருந்தாது. ஆகவே டாக்டரைக் கேட்டபின் வாங்குங்கள் என்று சொல்லியே இதை விற்க வேண்டும். உணவுக்கடையின் பொதுச் சட்டியில் இதைப் போடவும் வேண்டாம். யார் சிறுநீரகம் எப்படியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. தீங்கு செய்வதும் இல்லை, தீங்குக்குத் தீங்கு செய்வதும் இல்லை என்பது மார்க்கத்தின் அடிப்படை விதிகளில் ஒன்றல்லவா?

நமது கடையில் செய்யக்கூடியவை

உணவுக்கடைச் சகோதரர்களுக்குச் சில வார்த்தைகள். உப்பைக் குறைத்தால் வாடிக்கை போய்விடும் என்ற அச்சம் இயற்கையானது. ஒரே நாளில் பாதியாகக் குறைத்தால் போகவும் கூடும். பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். அங்கே 2001 முதல் 2011 வரை ரொட்டியில் சேரும் உப்பைச் சிறுகச் சிறுகக் குறைத்து, ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டார்கள். ரொட்டியின் ருசி போய்விட்டது என்று ஜனங்கள் அதை ஒதுக்கவில்லை. நாவு சில வாரங்களில் பழகிக்கொள்ளும். எனவே கைநிறைய அள்ளிப் போடுவதை முதலில் நிறுத்தி, ஒரு கரண்டி வைத்து அளந்து போடச் சமையற்காரரிடம் சொல்லுங்கள். ஒரு மாதம் பழகியபின் அந்தக் கரண்டியில் கொஞ்சம் குறையுங்கள். பின்னும் ஒரு மாதம் பொறுத்து மீண்டும் குறையுங்கள். அளந்து போடும் கடையில் இன்று ஒரு ருசி நாளை ஒரு ருசி என்ற புகாரும் எழாது.

நாசி கண்டாரில் சோறு மூழ்க 'பஞ்சிர்' கேட்பவர் நாலு சட்டி ஆணத்தையும் வாங்குகிறார். நாலிலும் உப்பு உண்டு. ஒவ்வொரு சட்டிக்கும் தனியாக ருசி பார்த்து உப்புப் போட்டால் தட்டில் சேரும்போது அது கடலாகிவிடும். தேத்தண்ணீருக்கு 'குராங் மானிஸ்' என்று கேட்டால் முகம் சுளிக்காமல் சீனி குறைத்துத் தருகிறோம். அதுபோல் 'குராங் மாசின்' என்று ஒருவர் கேட்டால் அவரைத் தொல்லைக்காரர் என்று எண்ண வேண்டாம். அவர் நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவராக இருக்கலாம். மேசைமேல் உப்புக் குப்பியும் கிச்சாப் சீசாவும் எப்போதும் நிற்க வேண்டியதில்லை. கேட்பவருக்குக் கொடுத்தால் போதும். கிச்சாப் ஒரு மேசைக்கரண்டியில், வகைக்குத் தக்கபடி, ஏறக்குறைய 2 கிராம் உப்பு இருக்கும். ஒரு நாளைய அளவில் இது ஐந்தில் இரண்டு பங்கு.

பலசரக்குக் கடைச் சகோதரர்களுக்கும் வீட்டுக்குச் சாமான் வாங்குவோருக்கும் ஒரு கணக்கு. பொட்டலத்தின் பின்பக்கம் 'சோடியம்' என்று மில்லிகிராமில் எழுதியிருக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. அது எத்தனை கிராம் உணவுக்கு எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நூடுல்ஸ் பொட்டலத்தை இப்படிப் பார்த்தால், பலவற்றில் ஒரு பொட்டலத்துக்குள்ளேயே ஒரு நாளைய அளவில் பாதிக்கு மேல் இருக்கக் காண்பீர்கள். வட்டிக் கணக்கிலிருந்து ஜக்காத் கணக்கு வரை போடத் தெரிந்த நமக்கு இந்தக் கணக்கு ஒரு பொருட்டா? சிங்கப்பூரில் உப்பு, சாஸ், நூடுல்ஸ் போன்றவற்றுக்குச் சோடியத்தைப் பார்த்துத் தர எழுத்துப் போடும் திட்டத்தை 2027ல் அமலாக்குவதாக அரசாங்கம் 2024ல் அறிவித்தது. சட்டம் வந்து சொல்லுமுன் வியாபாரி தானே அறிந்து சொல்வது மேலான குணம்.

ரமலானைப் பற்றியும் சொல்ல வேண்டும். பினாங்கு கப்பித்தான் கிளிங் பள்ளி முதல் சிங்கப்பூர் ஜாமிஆ சூலியா பள்ளி வரை நோன்புக் கஞ்சி காய்ச்சி ஊற்றுவது நமது சமுதாயத்தின் அழகிய வழக்கம். ஏழையும் பணக்காரரும் வேற்று இனத்தவரும் வாங்கிக் குடிக்கும் கஞ்சி அது. நோய் உள்ள முதியவர்கள் பலர் முதலில் வாயில் வைப்பதும் அதுவே. கஞ்சி அண்டாவில் உப்பை ஒரு படி குறைத்து, இஞ்சியும் பட்டையும் வெந்தயமும் ஒரு படி கூட்டினால் மணம் குறையாது; கூலியும் குறையாது. ஸஹரிலே கருவாடும் ஊறுகாயும் தின்றுவிட்டுப் பகலெல்லாம் தாகத்தால் வாடுவதையும் விட்டுவிடலாம். நிக்காஹ் விருந்திலும் கந்தூரியிலும் பந்தியில் உப்பு வைக்கும் வழக்கத்தைக் கேட்டவருக்கு மட்டும் என்று ஆக்கிக்கொள்ளலாம். இதற்குத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியதில்லை. முன்னின்று நடத்தும் ஒருவர் சொன்னால் போதும்.

வீட்டிலே இதைக் கட்டளையாகப் போட்டுச் சண்டை வளர்க்க வேண்டாம். ஆணத்தில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழும் ஆண்மக்கள் நம்மில் உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை சொன்னதில்லை. விரும்பினால் உண்டார்கள், இல்லாவிடில் விட்டுவிட்டார்கள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி. அந்த ஒரு சுன்னத்தைப் பேணினாலே நமது வீட்டுப் பெண்கள் அச்சமின்றி உப்பைக் குறைப்பார்கள். மருந்து சாப்பிடுகிறவர்கள், உப்பைக் குறைத்துவிட்டோம் என்று மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. டாக்டர் சொல்லும்வரை இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நமது தமிழிலே ஒரு பழமொழி உண்டு. சகோதரர்களே, இந்நாடுகளில் இலட்சக்கணக்கானோருக்கு உப்பிடுகிறவர்கள் நாம். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் நமது கடைப் பெஞ்சில் உட்கார்ந்து நம்மை நம்பிச் சாப்பிடுகிறார்கள். நமது கடையில் வாங்கிய சாமானைக் கொண்டு தமது பிள்ளைகளுக்குச் சமைக்கிறார்கள். அவர்கள் நம்மை நினைப்பது நல்ல சோறு போட்டவர், உண்மை சொன்னவர் என்ற நினைப்பாக இருக்கட்டும். அளவை நிறுவையில் குறைப்போருக்குக் கேடு உண்டென்று ஒரு முழு அத்தியாயத்தையே முதஃப்பிஃபீன் என்ற பெயரால் இறக்கிவைத்த இறைவன், நமது தராசை மட்டும் பார்ப்பவனல்லன். கரண்டியையும் பார்க்கிறான். சீசாவை நீட்டிக்கொண்டே நாம் சொல்லும் வார்த்தையையும் கேட்கிறான்.

யா அல்லாஹ்! எங்களுக்கு ஹலாலான ரிஸ்க்கையும் அதை அளவோடு உண்ணும் அறிவையும் தருவாயாக. எங்கள் வியாபாரத்தில் பொய்யை விலக்கிப் பறக்கத்தை இறக்குவாயாக. எங்கள் கையால் உண்போருக்கு அதை ஷிஃபாவாக ஆக்குவாயாக, நோயாக ஆக்கிவிடாதே. நோயுற்றோருக்குச் சுகத்தையும், இவ்வுடல் என்னும் அமானத்தை உன்னிடம் பழுதின்றி ஒப்படைக்கும் நற்பேற்றை எங்களனைவருக்கும் அருள்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.